பிடித்து வைத்த 14,500 ரூபாவும் 'தகுதியற்ற கடை' என்ற சொல்லும் தொடர்பாக

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமையகம், கொழும்பு.

ஐயா,

கடந்த ஓகஸ்ட் மாதம் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் ஐந்து நாளுக்கு இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் பாரிசிலிருந்து வந்த என் மகளின் மகனுக்கும், அவனோடு வந்த பிரெஞ்சுக்காரச் சிநேகிதனுக்கும். வாடகை போக, வைப்புப் பணம் 40,000 ரூபாவும் என் பெயரிலேயே கட்டினேன். சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்து எட்டாம் நாள் உங்களிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 14,500 ரூபாவைக் கழித்துக்கொண்டீர்களாம். ஒரு சைக்கிளின் பின் சில்லைத் 'தகுதியற்ற கடையொன்றில்' திருத்தியதுதான் காரணமாம்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சைக்கிள்களை எடுக்கப் போன அன்றே அந்தப் பின் சில்லு பிறேக்கில் உரஞ்சிக்கொண்டிருந்தது. உருட்டிப் பார்த்தபோதே எனக்குச் சத்தம் கேட்டது. சைக்கிளைத் தந்த உங்கள் பணியாளருக்கு அதைச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துவிட்டுக் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார். ஒப்பந்தம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. காற்றுப் பம்போ ஒட்டுச் சாமானோ ஒன்றும் தரவில்லை.

இரண்டாம் நாள் பெடியள் இருவரும் பருத்தித்துறைக்கு வெளிக்கிட்டார்கள். கோப்பாய், நீர்வேலி தாண்டி, நிலாவரைக் கிணற்றையும் பார்த்துக்கொண்டு போனவர்களுக்கு வல்லைவெளியில் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. வல்லைவெளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. இரண்டு பக்கமும் வெறும் வெளி, ஒதுங்க ஒரு மரமில்லை, காற்று ஆளைத் தள்ளும். நேரம் காலை பதினொரு மணி.

'திருத்த முன்னர் எங்களுக்கு அறிவிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை நாங்கள் மீறியதாக எழுதியிருக்கிறீர்கள். என் பேரன் முதலில் அழைத்ததே உங்கள் இலக்கத்துக்குத்தான். எடுத்தவர் சிங்களத்தில் கதைத்தார், பிறகு ஆங்கிலத்தில். பேரனுக்கு ஓடுவது பிரெஞ்சு, ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். 'வல்லை' என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் என்ன ஹோட்டல் இருக்கிறது என்று கேட்டாராம். வாகனம் வரும், நில்லுங்கள் என்றார். ஒரு மணிவரை அந்த வெயிலில் நின்றார்கள், ஒருவரும் வரவில்லை. பிறகு நான் வீட்டிலிருந்து அழைத்துத் தமிழில் கதைத்தேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். இரண்டாம் தரமும் அப்படியே. என் கைபேசியில் அந்த அழைப்புகளின் நேரம் இருக்கிறது.

"நெல்லியடிப் பக்கம் உருட்டிக்கொண்டு போ ராசா, வழியில சைக்கிள் கடை இருக்கும்" என்று அவனுக்குச் சொன்னவள் நான்தான். தகரக் கொட்டில் போட்ட ஒரு சின்னக் கடை. அங்கே நடந்ததைப் பேரன் சொல்லிக் கேட்டேன். அடுத்த நாள் நானே போய் அந்தக் கடைக்காரத் தம்பியோடும் கதைத்தேன்.

பேரனுக்கு வீட்டுத் தமிழ்தான் தெரியும். சாப்பாடு, நித்திரை, வா, போ. சைக்கிள் சாமான் ஒன்றுக்கும் அவனிடம் பெயரில்லை. ரியூப்பைப் பிரெஞ்சில் 'காற்று அறை' என்று பொருள்படத்தான் சொல்வார்களாம். அவன் அதை அப்படியே தமிழாக்கி, "அண்ணா, காற்று அறை ஓட்டை" என்றிருக்கிறான். கடைக்காரருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சில்லைப் பார்த்துவிட்டு, "ஓமோம், ரியூப்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்.

ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வந்த இரண்டு இடத்தையும் அடையாளம் வைத்தார். உரஞ்சி, சொலூசன் பூசி, காய விட்டு ஒட்டுப் போட்டார். உடனே பூட்டவில்லை. ரயரின் உட்பக்கத்தை விரலால் சுற்றிவரத் தடவி, ஏறியிருந்த நெருஞ்சி முள்ளைக் குறட்டால் இழுத்தெடுத்தார். அதை விட்டிருந்தால் ஒரு மைல் போக முன்னம் மறுபடியும் காற்றுப் போயிருக்கும்.

புது ரியூப் போட்டால் என்ன என்று பேரன் சைகையில் கேட்டிருக்கிறான். உங்கள் சைக்கிள் ரியூப்பில் காற்றடிக்கிற வால்கட்டை மெல்லிய பிரெஞ்சு வகை, அதற்கு றிம்மில் 6 மில்லிமீற்றர் துளை. எங்கள் ஊர்ச் சைக்கிள் ரியூப்பின் வால்கட்டைக்கு 8 மில்லிமீற்றர் வேண்டும். புது ரியூப் விற்றால் அவருக்குக் காசு கூட. ஆனால் தன் ரியூப்பின் வால்கட்டையை அந்தத் துளையில் வைத்துக் காட்டி, துளையைப் பெருப்பித்தால் றிம் பழுதாகும் என்று கையாலேயே விளங்கப்படுத்தி மறுத்துவிட்டார். காற்றடிக்கும்போது அவருக்கு ஒன்று பிடிபடவில்லை: அந்த வால்கட்டையின் நுனியில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். அதைப் பேரனின் சிநேகிதன் தன் விரலால் திருகிக் காட்டினான். ஒரு சொல் தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து எனக்கு முதலில் சொன்ன தமிழ்ச் சொல் 'வால்கட்டை'.

உரஞ்சிய சில்லில் இரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தன. நான் உங்கள் பணியாளருக்குச் சொல்லி விளங்காமற் போன அதே பழுது. அதையும் கேட்காமலே இறுக்கி, சில்லின் நெளிவை எடுத்து, எல்லாவற்றுக்கும் 350 ரூபாதான் வாங்கினார்.

அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கும் ஓடியது, ஒருமுறைகூடக் காற்று இறங்கவில்லை. திருப்பிக் கொடுத்த அன்று உங்கள் பணியாளர் ரயரை அமுக்கிப் பார்த்து, 'நல்ல நிலை' என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்த துண்டு என்னிடம் இருக்கிறது. அப்படியானால் 14,500 ரூபா எந்தச் சேதத்துக்கு?

பணத்தைவிட அந்தச் சொல்தான் எனக்கு நோகிறது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 28 வருடம் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். 1990களில் போரால் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். புது ரயர் கிடைக்காத காலத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு எங்களை ஓடவைத்தவர்கள் இந்தக் கடைக்காரர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, என் அம்மாவைக் கரியரில் இருத்தி மழைக்குள் தென்மராட்சிவரை உருட்டிப் போன சைக்கிளும் அப்படியொரு தகரக் கொட்டிலில் திருத்தியதுதான். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோதும் அவர்களிடம்தான் போனோம். இவர்களைத் தகுதியற்றவர்கள் என்று எழுத உங்களுக்கு மனம் எப்படி வந்தது?

ஆகவே 14,500 ரூபாவை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அந்தச் சொல்லை எழுத்தில் மீளப்பெறுங்கள். யாழ்ப்பாணக் கிளையில் ஒப்பந்தத்தைத் தமிழிலும் கொடுங்கள். உதவி இலக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை இருத்துங்கள். 14 நாளுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவேன். அதற்குரிய மூன்று மாத அவகாசம் இன்னும் முடியவில்லை.

வாடகைப் பற்றுச்சீட்டு, 'நல்ல நிலை' என்று எழுதிய துண்டு, அழைப்பு நேரங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். கடைக்காரத் தம்பியின் 350 ரூபாச் சிட்டையும் இருக்கிறது, தமிழில்தான் எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.