பெட்டிக்குள் இன்னும் இரண்டு பேர்

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தகரம்,

இங்கே நலம். திருப்பூர்த் தண்ணீரே உன்னை ஒன்றும் செய்யவில்லை என்றால் வேறு எதுவும் செய்யாது, ஆகவே நீயும் நலம் என்று எழுதிக்கொள்கிறேன். சின்னவள் பிளஸ் டூ தேறியதை உன் தங்கை சொன்னாள், வாழ்த்து சொல்லிவிடு. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஊரே பாலத்தில் நின்று போட்டோ எடுத்தது. மறுபடியும் மணல். ஊர்ச் செய்தி அவ்வளவுதான், இப்போது என் செய்தி.

ஹார்மனி பெட்டி வாங்கிவிட்டேன். நான் பாடப் பாட, என் குரலிலிருந்தே இன்னும் இரண்டு குரல் செய்து கோரஸ் பாடும் பெட்டி.

சிரிக்காதே. ட்ராக் (முன்பே பதிவு செய்த இசை) போட்டுப் பாடுகிறவர்களைக் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தபடி நாம் திட்டியதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இப்போது யாரடா முழு இசைக்குழுவைக் கூப்பிடுகிறார்கள்? டான்ஸ் வேண்டும் என்றால் டிஜே. அது வேண்டாம் என்கிற கௌரவமான வீடுகளில், "கிட்டார் வச்சிக்கிட்டு ஒருத்தர் மெதுவா பாடினா போதும் சார், பேசிக்கிட்டே சாப்பிடலாம்" என்கிறார்கள். அந்த ஒருத்தர்தான் நான். கேட்காத கூட்டத்துக்கு மூன்று மணி நேரம் பாடுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பல்லவி வரும் இடத்தில் கோரஸ் வராமல் போனால் பாட்டு பல் விழுந்த வாயாகிவிடுகிறது.

ட்ராக் போட எனக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளை மேடை ஏறத் தாமதமானால் சரணத்தை இன்னொரு சுற்று சுற்ற முடியாது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டி அப்படி இல்லை. நான் வாயைத் திறந்தால்தான் அதுவும் திறக்கிறது, மூடினால் மூடிக்கொள்கிறது. இந்த ஒரு குணம் உன்னிடம் இருந்திருந்தால் நாம் இன்னும் ஒரே மேடையில் இருந்திருப்போம்.

இது நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைத்துவிடாதே. ஈவென்டைட் கம்பெனியின் எச்910 வந்தது 1975-இல். அது குரலைக் குறிப்பிட்ட அளவுக்கு மேலேயோ கீழேயோ தள்ளும், அவ்வளவுதான். பாட்டு எந்தச் சுருதியில், எந்த ஸ்கேலில் போகிறது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. 'ஸ'வுக்கு மேலே அந்தர காந்தாரம் நான்கு அரைச்சுரம் தள்ளி இருக்கிறது. சதுஸ்ருதி 'ரி'க்கு மேலே சுத்த மத்யமம் மூன்றுதான். ஒரே அளவாகத் தள்ளினால் பாதிச் சுரம் தப்பாகத்தானே விழும்? பிறகு வந்த பெட்டிகளுக்குத்தான் இதில் புத்தி வந்தது. டிஜிடெக் வோகலிஸ்ட் லைவ், டிசி ஹெலிக்கான் வாய்ஸ்லைவ் இவையெல்லாம் கிட்டாரையும் வாங்கிக்கொண்டு, நாம் என்ன கார்டு (சேர்த்து அடிக்கும் சுரங்கள்) பிடிக்கிறோம் என்று கேட்டுக் கேட்டுக் குரலை அதற்கேற்ப அமைக்கின்றன. கிட்டார் இல்லாதவர்கள் ஸ்கேலைக் கையால் வைக்க வேண்டும். என்னுடையது எது என்று கேட்காதே, சென்னையில் ஒரு பையனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விலையும் சொல்ல மாட்டேன், நீ வீட்டுக்காரியிடம் போட்டுக்கொடுப்பாய்.

முதல் வாரம் பெட்டியோடு ஒரே சண்டை. நம் பழைய பழக்கத்தில் இரண்டு கம்பியில் பவர் கார்டு அடித்தால், அதில் காந்தாரமே கிடையாது. மேஜரா மைனரா என்று பெட்டி தானாக ஒரு முடிவு எடுக்கிறது, பல சமயம் எனக்கு விரோதமாக. ஆகவே முழுக் கார்டாகப் பிடிக்க வேண்டும். கிட்டாரை 440-க்கு ('ஏ' சுரம் நொடிக்கு 440 அதிர்வு) சரியாகச் சேர்க்க வேண்டும், காதால் உத்தேசமாகச் சேர்த்ததெல்லாம் செல்லாது. அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். மந்தர பஞ்சமத்துக்கு இறங்கும்போது பெட்டியின் குரல் ஒரு நூல் பிந்துகிறது. யோசித்தால் நியாயம்தான். என் சுருதி ஒன்றரைக் கட்டை, அதன் 'ஸ' நொடிக்குச் சுமார் 139 அதிர்வு, ஒரு சுற்றுக்கு ஏழு மில்லி செகண்டுக்கு மேல். கீழ்ப் பஞ்சமத்தில் அது பத்தை நெருங்குகிறது. குறைந்தது ஒரு சுற்றாவது கேட்டால்தானே என்ன சுரம் என்று அதற்குத் தெரியும்?

மேடையில் வேறு தொல்லைகள். பெட்டிக்குக் காது ஒன்றுதான், என் மைக். அதில் என்ன விழுந்தாலும் அது நான் பாடியது என்றே எடுத்துக்கொள்கிறது. சத்துவாச்சாரி மண்டபத்தில் வாசலில் நாதஸ்வரம் நடக்கும்போதே என்னை ஆரம்பிக்கச் சொன்னார்கள். நான் ஒரு வரி பாடி நிறுத்தினால் பெட்டி நாதஸ்வரத்துக்குக் கோரஸ் பாடுகிறது! இப்போது உதடு ஒட்டப் பாடுகிறேன். என் எஸ்எம்58 மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது மந்தம், ஆகவே மானிட்டர் ஸ்பீக்கரை எனக்கு நேர் எதிரே தரையில் வைக்கச் சொல்கிறேன். சவுண்டு டப்பா அண்ணனிடம், "உங்க எக்கோவை என் சேனலில் கொஞ்சம் எடுத்துடுங்கண்ணா, பெட்டியிலேயே இருக்கு" என்று சொன்னதற்கு அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எக்கோ இல்லாமல் மைக் கொடுப்பது அவருக்கு உப்பில்லாமல் சாம்பார் வைக்கச் சொன்னதைப் போலாம், அவரே சொன்னார்.

உனக்காகவே சேர்த்து வைத்த கதை இது. கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறினால் பெட்டி அணைந்து திரும்ப எழுகிறது. எழும்போது முதல் பிரீசெட்டில்தான் (முன்பே சேமித்து வைத்த அமைப்பு) எழும், அது மேலே ஒன்று கீழே ஒன்று என்று தடபுடலான கோரஸ். அப்படி எழுந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன் வந்து மைக்கைப் பிடுங்கி, "சாப்பாடு ரெடி, எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். மூன்று குரலில், மண்டபமே அதிர. மனிதர் திரும்பிப் பார்க்கிறார், பின்னால் யாரும் இல்லை. பயந்துபோய் மெதுவாக, "சாம்பார் சாதம் அந்தப் பக்கம்" என்றார். அதுவும் மூன்று குரலில். பந்தியில் சிரித்துச் சிரித்து ஒரு பாட்டிக்குப் புரை ஏறிவிட்டது. அன்றிலிருந்து முதல் பிரீசெட்டை வெறும் குரலாக மாற்றி வைத்திருக்கிறேன்.

சரி, எதற்கு இந்தக் கடிதம் என்றால், நம் குழுவில் கோரஸ் பாடிய குடியாத்தம் அக்காவைப் பார்த்தேன்.

காட்பாடியில் ஒரு ரிசப்ஷன். அக்கா பெண் வீட்டுக்குத் தூரத்து உறவாம், எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறது. முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது மேடைக்கு வந்தது. தலை நன்றாக நரைத்துவிட்டது, மூக்குத்தி அதே. இப்போது ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் போட்டுக் கொடுக்கிறதாம்.

"யாருடா தம்பி உன்கூடப் பாடினது? மேடையில ஒருத்தரையும் காணோம்" என்றது. காலால் பெட்டியை அழுத்திக் காட்டினேன். குனிந்து, செருப்புக்கடையில் பார்ப்பதைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு, "சரி. அந்த மாயாமாளவகௌளைப் பாட்டுல 'ம'வுக்கு மேல அது போடற 'த' ஏறிக் கிடக்குது. எனக்குக் காதுல குத்திச்சு" என்றது.

எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும், சரணத்தில் நீ சிரித்துவிடுவாயே, அதுதான். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு சி மேஜர் மாதிரி வாசிக்கிறேன். 'ம' வரும் இடத்தில் எஃப் மேஜர். பெட்டி அதைக் கேட்டுச் சதுஸ்ருதி தைவதத்தை எடுத்துக்கொள்கிறது, ராகத்தில் இருப்பதோ சுத்த தைவதம். முந்நூறு பேர் சாப்பிட்ட மண்டபத்தில் வேறு எவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். அக்கா அங்கேயே நின்று, மைக் இல்லாமல், மெதுவாக அந்த வரியைச் சரியான 'த'வோடு பாடிக் காட்டியது. நான் எஃப் மைனருக்கு மாற்றிப் பாடினேன். பெட்டி உடனே இறங்கி வந்து அக்கா பாடிய அதே இடத்தில் நின்றது.

"பரவாயில்லையே, சொன்னா கேக்குது. உங்க ஆளுங்களை விடத் தேவலை" என்று சிரித்தது. அப்புறம்தான் கேட்டது: "எவ்வளவு ஆச்சு இது?"

சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்தது. எதை மடக்குகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கச்சேரிக்குக் கோரஸுக்கு நாம் கொடுத்த காசு என்ன என்பது நமக்குத்தானே தெரியும், அதையும் வேன் வாடகை போகத்தான் கொடுப்போம். "நல்லதுதான், உனக்கும் துணைக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு, தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து இதே நினைப்புதான். பெட்டியால் அக்காவுக்கு வேலை போகவில்லை, வேலை போய் வெகு காலம் கழித்துத்தான் பெட்டி வந்தது. குழுவைக் கலைத்தது கரோனாவும் டிஜேயும். வாதம் சரிதான், நானே எனக்கு நூறு முறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் யோசித்துப் பார். வாணியம்பாடியில் முடித்து வேனில் விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கி, காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு டிபன் கட்டியவர்கள் அவர்கள். போஸ்டரில் உன் படம் போட்டோம், என் படம் போட்டோம். அக்கா படம் போட்டிருக்கிறோமா? 'மற்றும் குழுவினர்' என்று போட்டோம். என்னிடம் இருக்கும் ஒரே குழு போட்டோவில் கூட அக்கா பாதி ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கிறது.

பெட்டி செய்ய முடியாததையும் சொல்கிறேன். நான் ஒரு படி ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும், வீடியோக்காரருக்குப் பின்னால் லைட் பிடித்துக்கொண்டு ஓடும் பையன் மாதிரி. நம் சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடும் பாஸ் அண்ணன் அப்படியா பாடினார்? மேல்குரலான சோப்ரானோ மேலே போகும்போது அவர் கீழே இறங்குவார், இரண்டும் விலக விலகத்தான் பாமாலை அந்தக் கோயிலையே நிறைத்தது. சுரங்களை எழுத்தில் குறித்த சோல்ஃபா புத்தகத்தைத் திறந்தால் நான்கு வரியும் நான்கு வழியில் போகும். கமகம் வந்தால் பெட்டி இன்னும் மோசம். ஒரு காந்தாரத்தை அசைத்துப் பாடினால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு சுரத்துக்கு நடுவே படபடவென்று தாவுகிறது. அந்த இடங்களில் காலால் அணைத்துவிடுகிறேன், அல்லது கீழ் ஸ்தாயியில் என் குரலையே ஒன்று வைத்துக்கொள்கிறேன். 'ச', 'ஸ' வந்தால் மூன்று வாய் சேர்ந்து சீறுகிறது. அக்கா கோரஸில் 'ஸ'வை விழுங்கிவிட்டு உயிரெழுத்தை மட்டும்தான் பாடும், கவனித்திருக்கிறாயா? நான் இப்போதுதான் கவனிக்கிறேன், அதுவும் மனசுக்குள்.

அதற்காகப் பெட்டியைத் தூக்கிப் போடப் போவதில்லை. பல்லவியில் மட்டும், அதுவும் என் குரலுக்குக் கீழே தணித்து வைத்தால் அழகாக இருக்கிறது. கூட்டம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்குகிறது, அது போதாதா? பாட்டு முழுக்க ஓடவிடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல். ஆற்காட்டில் ஒருத்தரைக் கேட்டேன், தொகையறாவிலிருந்து மங்களம் வரைக்கும் மூன்று குரல். கொஞ்ச நேரத்தில் அது கோரஸாகவே கேட்கவில்லை, மனிதருக்கு ஜலதோஷம் என்றுதான் தோன்றியது.

ஆம்பூரில் ஜனவரியில் ஒரு ரிசப்ஷன் விசாரித்தார்கள். "ஒருத்தர்தானே சார்?" என்றார்கள். "இல்லை, இரண்டு பேர்" என்று சொல்லிவிட்டேன், ரேட்டும் ஏற்றித்தான் சொன்னேன். கலந்து பேசிச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள், அதாவது வேறு ஆள் தேடுகிறார்கள். அக்காவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. இது கைகூடாமல் போனால் சொன்னதே பாவமாகிவிடும். கைகூடினால் அக்காவுக்குத் தனி மைக் வேண்டும், அதுவும் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்கா குரல் என் மைக்கில் விழுந்து பெட்டி குழம்பிவிடும். பெட்டி அணைந்தே கிடக்கட்டும் என்றும் தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய்? ரேட்டைக் குறைத்துப் பேசட்டுமா, பிடிவாதமாக நிற்கட்டுமா? இந்த விஷயத்தில் உன் புத்தி என் புத்தியை விடக் கொஞ்சம் வியாபாரப் புத்தி, தயங்காமல் எழுது.

டிசம்பரில் வருகிறாயா இல்லையா, அதையும் எழுது. பாஸ் அண்ணன் பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். கேரல் ரவுண்ட்ஸுக்கு டெனர் (ஆண்களின் மேல்குரல்) என்று சொல்லிக்கொள்ள இரண்டு கல்லூரிப் பையன்கள், இரண்டு பேரும் சோப்ரானோ வரியைத்தான் கீழே பாடுகிறார்கள். தொரப்பாடித் தெருத்தெருவாகப் பெட்டிக்குப் பிளக் பாயின்ட் தேடிக்கொண்டு நடக்க முடியாது. வா.

இப்படிக்கு,
உன் ஒன்றரைக் கட்டை

பி.கு: வரும்போது என் கறுப்பு எக்ஸ்எல்ஆர் மைக் கேபிளை எடுத்து வா, அக்கா மைக்குக்கு அதுதான். உன்னுடையது என்று சாதிக்காதே, முனையில் என் சிவப்பு டேப் இருக்கும். நீ பிய்த்திருந்தாலும் பசை இருக்கும்.