பாலு, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வை

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். பட்டாபி இன்னும் அப்படியேதான், திருந்தவில்லை.

பெட்டியில் இருக்கும் பழைய அமெரிக்க காமிக்ஸை விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய், அதற்கு வருகிறேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் நான்காம் பக்கம். "அட்டையில் லேசாக மடிப்பு இருக்கு, இஸ்திரிப் பெட்டியைக் காட்டி எடுத்துடலாமா?" அடப்பாவி! இன்னும் காட்டவில்லையென்றால் மேலே படி. காட்டிவிட்டாயானால் நேரே பின்குறிப்புக்குப் போ.

காமிக்ஸின் மடிப்பை எடுத்துச் சமப்படுத்த பிரஸ்ஸிங் என்று ஒரு தொழிலே இருக்கிறது, உண்மைதான். முதலில் தாளுக்கு அளவாக ஈரப்பதம் ஏற்றுவார்கள். பிறகு ஒட்டாத தாள்களுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து, அழுத்தத்திலேயே ஆறவிடுவார்கள். இஸ்திரிப் பெட்டியில் இதில் எதுவுமே நம் கையில் இல்லை. ஈரம் கூடினால் அட்டை சுருங்கி, உள்பக்கங்கள் வலது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஸ்டேப்ளர் பின் இருக்கும் இடத்தில் அழுத்தினால் அதன் தடம் உள்பக்கங்களில் பதியும். இன்னொன்று: மை உடையாத மடிப்பு, விரல் பட்ட பள்ளம், இவைதான் பிரஸ்ஸிங்கில் போகும். மை விரிசல் விட்டு வெள்ளைத்தாள் தெரிந்துவிட்டதா, எந்த மெஷினாலும் ஆகாது. உன் மடிப்பு எந்த ரகம் என்று பார்க்க அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளுக்குக் கிடையாகப் பிடி. புத்தக முதுகில் பின்களை ஒட்டி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் எண்ணிக்கொள்.

அந்த வெள்ளைக் கோட்டில் கறுப்பு மார்க்கரைத் தொட்டு வைக்கச் சொன்னது சேகர்தானே? எனக்குத் தெரியும், அவன் புத்தி அப்படி. சிஜிசி என்பது காமிக்ஸின் நிலையைப் பார்த்து பத்துக்கு இத்தனை என்று கிரேடு போட்டு, லேபிளோடு ஸ்லாப் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனம். அவர்கள் பிரஸ்ஸிங்கைப் பழுதுபார்த்தலாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நிறம் பூசுவது, ஓரம் வெட்டுவது இரண்டும் கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கமான நீல லேபிளுக்குப் பதில், பழுதுபார்த்தது என்று சொல்லும் ஊதா லேபிள். ஊதா என்றதும் விலை பாதாளத்துக்குப் போகும். உள்ளதை உள்ளபடி விட்ட கோட்டுக்குக் கொஞ்சம் கிரேடு போகும், மார்க்கருக்கு மானமே போகும்.

உன் பெட்டிக்கு வருகிறேன். 1991 எக்ஸ்மென் முதல் இதழ் ஐந்து அட்டையிலும் வைத்திருக்கிறாய், சூப்பர்மேன் சாகும் 75-ஆம் இதழை கறுப்பு உறை பிரிக்காமல் வைத்திருக்கிறாய். பெருமைப்படு, ஆனால் விற்கக் கிளம்பாதே. அந்த எக்ஸ்மென் எண்பது லட்சத்துக்கு மேல் அச்சானது. உன்னைப் போலவே எல்லாரும் பத்திரமாக வைத்தார்கள். பத்திரமாக இருப்பது அரிது என்றால்தான் பத்திரத்துக்கு விலை.

பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று, இன்க்ரெடிபிள் ஹல்க் 181, 1974. வூல்வரின் முழுசாக வரும் முதல் இதழ். வாசகர் கடிதப் பக்கத்தைத் திற. அங்கே ஷன்னா என்ற நாயகியின் படம் போட்ட மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்கள். வெட்டியிருந்தால் அட்டை எவ்வளவு பளபளத்தாலும் முழுமையான புத்தகம் இல்லை, விலையில் பெரும்பகுதி போய்விட்டது. நடுத்தாள் பின்னில் நிற்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்.

இரண்டாவது, அமேசிங் ஸ்பைடர்மேன் 300, 1988. வெனம் முழுசாக வரும் முதல் இதழ். இதில் முன்னட்டைக் கட்டத்தில் பார்கோடு இருந்தால் பத்திரிகைக் கடைக்குப் போன நியூஸ்ஸ்டாண்ட் பிரதி, ஸ்பைடர்மேன் முகம் இருந்தால் காமிக்ஸ் கடைக்குப் போன பிரதி. பார்கோடு உள்ளது கடைச் சுழல்தட்டில் நாலு பேர் கை பட்டு வந்தது. அதனால் உயர்ந்த கிரேடில் கிடைப்பது குறைவு, கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் சிஜிசி கிரேடு போட்ட 300 பல்லாயிரம் இருக்கிறது. அவர்கள் தளத்தில் சென்சஸ் பார், எந்தக் கிரேடில் எத்தனை என்று வரும். "அபூர்வம்" என்று விளம்பரத்தில் எழுதி மானத்தை வாங்காதே.

பணமெல்லாம் 9.6-க்கும் 9.8-க்கும் நடுவில் இருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், ஒரு மூலையில் ஊசிமுனை மழுங்கல்தான் வித்தியாசம். ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், கணக்கு வாத்தியார் பிரம்பை நினைத்துக்கொண்டு படி. ஒரு புத்தகம் 9.8-ல் ஆயிரம் டாலர், 9.6-ல் 450, 9.4-ல் 300, கிரேடு போடாமல் 350 என்று வை. விற்பனைத் தளம் சுமார் 13 சதவீதம் எடுக்கும். கிரேடிங், பிரஸ்ஸிங், இன்சூரன்ஸோடு போகவர அஞ்சல் எல்லாம் 100. 9.8 வந்தால் கையில் 770. 9.6 என்றால் 291, 9.4 என்றால் 161. அனுப்பாமலே விற்றிருந்தால் 305! ஆக, 9.8 வரும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிந்தால்தான் அனுப்பு. வாரக்கணக்கில் காத்திருப்பது தனி.

விலைக்கு ஓவர்ஸ்ட்ரீட் கைடை, அந்த காமிக்ஸ் விலைப் புத்தகத்தை, பார்க்கிறேன் என்கிறாய். அதன் விலைப் பட்டியல் 9.2 கிரேடோடு நின்றுவிடும், அதற்கு மேல் அது பேசாது. ஈபேயில் "கேட்கும் விலை"யையும் பார்க்காதே, அது ஆசை. விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டு. கிரேடு போட்டவற்றுக்கு ஜிபிஏ தளத்தில் சந்தா கட்டினால் பழைய விற்பனை விலைகள் கிடைக்கும். அதே கிரேடு, அதே பதிப்பு, கடைசி ஐந்து விற்பனை. துள்ளி நிற்கும் ஒன்றைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவில் உன் விலை. லேபிளில் "வெள்ளைப் பக்கங்கள்" என்றிருந்தால் கொஞ்சம் மேலே. 2021-ல் விற்ற விலையைக் காட்டி யாரிடமும் வாதாடாதே. ஊரடங்குக் காலத்து ஏற்றம் அது, அடுத்த இரண்டு வருடத்தில் இறங்கிவிட்டது. படம் வருகிறது என்ற வதந்தி கிளம்பும்போது விற்பதுதான் லாபம், படம் திரைக்கு வந்தபின் எல்லாரும் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

ஹல்க் நல்ல கிரேடு வந்தால் ஹெரிடேஜ், காமிக்கனெக்ட் மாதிரி ஏலக்காரர்களிடம் பேசு. விற்பவர் கமிஷனைப் பேரம் பேசலாம், ஆனால் சில இடங்களில் வாங்குபவரிடமும் தனியாக ஒரு பங்கு பிடிப்பார்கள். அவர் அதைக் கழித்துக்கொண்டுதான் கை தூக்குவார். ஸ்பைடர்மேன் 300-க்கு ஈபேயே போதும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் மூலதன ஆதாய வரி அதிகபட்சம் 28 சதவீதம். வாங்கிய பில் இருந்தால் தேடி எடு.

விற்றதை அனுப்பும்போது லேபிள் எண், உறையின் நாலு மூலை எல்லாவற்றையும் படமெடு. உறைக்குள் புத்தகத்தை மாற்றும் மோசடி 2023 இறுதியில் பெரிதாக வெளிப்பட்டது. திருப்பி அனுப்புகிறேன் என்பவன் உன்னுடையதையேதான் அனுப்புகிறானா என்று பார்க்க வேண்டாமா? அஞ்சல் பெட்டிக்குள் ஸ்லாப் ஆடவே கூடாது. குலுங்கினால் உள்ளே புத்தகம் நகர்ந்து ஓரம் அடிபடும், கிரேடு லேபிளில் மட்டும் மிச்சமிருக்கும். கிரேடு போடாததை உறையிலிருந்து எடுக்கும்போது மடிப்பு டேப்பை முதலில் முழுக்க உரித்துத் தூரப் போடு. பாதி உரிந்த டேப் அட்டையைப் பிடித்து இழுத்தால் ஒரே நொடியில் 9.6 எல்லாம் கனவு.

பெட்டி இன்னும் பேஸ்மென்ட் தரையில்தானே? இன்றே மேலே ஏற்று. பிறகு இரண்டு புத்தகத்துக்கும் முன், பின், முதுகு, நடுப்பக்கம், ஹல்குக்குக் கடிதப் பக்கம் சேர்த்துப் படம் அனுப்பு.

அன்புடன்,
ரகு

பி.கு: இஸ்திரி போட்டுவிட்டாயானால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். கிரேடு போட அனுப்பிப் பணத்தைக் கரைக்காதே. உன் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1972 முதல் இதழேதான் என்றாலும், நாம் பைண்டிங்குக்குக் கொடுத்த அன்றே மூன்று ஓரமும் வெட்டியாயிற்று. அதை விற்காதே, எனக்குக் கொடு.