அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அனைவருக்கும்

அன்புடையீர்,

இந்திய விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தந்தை, கடந்த தை மாதம் சிங்காநல்லூர் வீட்டில் தமது 84ஆம் வயதில் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கும் பொதுவாக ஒரு வரியில் நன்றி சொல்வது வழக்கம். அம்மா அதற்கு ஒப்பவில்லை. "யார் என்ன செய்தார்கள் என்று விவரமாக எழுது. அப்பாவாக இருந்தால் அப்படித்தான் எழுதுவார்" என்றார். அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும். பெயர் வேண்டாம் என்று நீங்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் நன்றி, எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலருக்கு.

கடைசி சில ஆண்டுகள் அப்பாவுக்கு மறதி நோய். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின, பிறகு எங்கள் பெயர்களும் போயின. அதிகாலையில் எழும் பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் சரக்கு விமானம் ஓட்டிப் போய்வந்த லடாக்கின் லே விமானத்தளம் ஏறத்தாழ 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் ஏற ஏற அங்கே காற்று இன்னும் மெலியும், எஞ்சினின் சக்தி குறையும், பள்ளத்தாக்கில் பலத்த காற்று கிளம்பிவிடும். ஆகவே சண்டிகரிலிருந்து விடியலிலேயே புறப்பட்டு, சரக்கை இறக்கி, முற்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். அப்படிப் பறந்து பழகிய உடம்பு அவருடையது. மூன்றரை மணிக்கு எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையோடு படியிறங்கிவிடுவார். "எனக்கு சார்ட்டி இருக்கிறது, வண்டி எங்கே?" என்று வாசலில் நின்று கேட்பார். சார்ட்டி என்றால் விமானத்தில் போய்வர வேண்டிய பணி. தடுத்தால் கோபம் வரும். கோபம் அழுகையில் முடியும்.

காவலர் ஒரு நாள் என்னிடம் அப்பாவின் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை அப்பா இறங்கி வந்தபோது நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து, "சார், லேயில் மேகம் இறங்கியிருக்கிறது. இன்றைக்கு விமானம் இல்லை என்று செய்தி வந்திருக்கிறது" என்றார். அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி, குழுவினரைப் போய் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அமைதியாக மாடியேறி வந்து படுத்துக்கொண்டார். மறுத்துப் பேசாதீர்கள், அவர் இருக்கும் காலத்துக்கு நீங்கள் போங்கள் என்று மருத்துவர் எங்களிடம் பலமுறை சொல்லியிருந்தார். அதை எப்படிச் செய்வது என்று காட்டியவர் இந்தக் காவலர்தான். பல இரவுகள் அவருடைய தூக்கத்தைக் கெடுத்த மனிதரிடம் ஒரு முறையும் அவர் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

ஐயா, உங்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்து, வியாழக்கிழமைதோறும் சூலூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஓய்வு பெற்ற வாரண்ட் ஆபீசருக்கு. இவர் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். விமானம் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தரைப்பணியாளர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டைப் பார்த்து, விமானி தானும் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபார்ம் 700 என்பார்கள். இவர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை அப்படியே தயார் செய்து கொண்டுவருவார். எண்ணெய், டயர், பிரேக் என்று ஒவ்வொன்றாக வாசித்து, "சர்வீசபிள், சார்", அதாவது பறக்கத் தயார், என்று முடித்துப் பேனாவை நீட்டுவார். கரண்டி பிடிக்கவே நடுங்கிய கை அந்த இடத்தில் மட்டும் தெளிவாகக் கையெழுத்துப் போடும். கையெழுத்திட்ட பிறகு அப்பா நன்றாகச் சாப்பிடுவார். எனவே அம்மா வியாழக்கிழமைகளில் அவருக்குப் பிடித்த அரிசி பருப்புச் சாதம் செய்வார்.

தன் உயிர் யார் கையில் இருந்தது என்று அப்பாவுக்கு எப்போதும் தெளிவாகத் தெரியும். மற்றவர்கள் விமானியைப் புகழ்ந்தால், இரவெல்லாம் பனியில் நின்று வேலை செய்த ஃபிட்டர்களைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார். அந்த வாரண்ட் ஆபீசரிடம் கேட்டால், "விங் கமாண்டர் சார் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக்கூட விசாரிப்பார்" என்கிறார். இதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை.

அவருடைய பறக்கும் வாழ்க்கையைப் பற்றி அறியாத அண்டை வீட்டார் பலர் துக்கத்துக்கு வந்தபோது கேட்டார்கள். அவர் போர் விமானி அல்லர், சரக்கு விமானி. உடுமலை அருகே கிராமத்தில் பிறந்து, 1963இல் பணியில் சேர்ந்து, அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில் டகோட்டா விமானம் ஓட்டினார். அன்று நேபா எனப்பட்ட, இன்றைய அருணாச்சலப் பிரதேச மலைகளில் சாலை இல்லாத காவல் நிலைகளுக்கு அரிசியும் உப்பும் வானிலிருந்துதான் போக வேண்டும். விழும்போது கிழியாமலிருக்க அரிசியை ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்காகத் தளர்வாகக் கட்டிப் போடுவார்கள். திறந்த கதவருகே வாரில் கட்டிக்கொண்டு நின்று மூட்டைகளைத் தள்ளிய ஆர்மி சர்வீஸ் கோர் வீரர்களின் துணிச்சல் தனக்கு வராது என்று கடைசிவரை சொல்வார். பிறகு ஆக்ராவில் 'பாக்கெட்' என்ற சரக்கு விமானம். 1971 டிசம்பர் 11 அன்று, வங்கதேசப் போரில், டாங்காயில் அருகே 2ஆவது பாராசூட் பட்டாலியன் குதித்தபோது, அவர்களைச் சுமந்து சென்ற விமானிகளில் அப்பாவும் ஒருவர். அதற்குப் பிறகு சண்டிகரில் ஏஎன்-12. கடைசியில் சூலூரில் ஏஎன்-32.

வீட்டில் அவர் வேறு மனிதர். எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டது அப்பாதான். மாற்றலுக்கு மாற்றல் ஊர் மாறி இந்தியில் படித்த எங்களுக்குத் தமிழ் எழுத வராமல் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. முகாமிலிருந்து இன்லண்ட் கடிதத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுவார். பதிலும் தமிழில்தான் வர வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் பதில் கடிதங்களில் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அடுத்த விடுமுறையில் கையோடு கொண்டுவருவார். இன்று இந்த மடலை எழுத முடிகிறதென்றால் அது அந்தச் சிவப்பு மையின் தயவு.

சண்டிகரில் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த நேவிகேட்டரின் (விமானத்தில் வழி கணித்துச் சொல்பவர்) மனைவிக்கு இந்த மடல் எப்படியாவது போய்ச் சேர வேண்டும். 1974 குளிரில் என் தம்பி பிறந்தபோது வானிலை மூடி அப்பா லேயில் சிக்கிக்கொண்டார். அம்மாவுக்கு அப்போது இந்தி அரைகுறை, பஞ்சாபி சுத்தமாகத் தெரியாது. நள்ளிரவில் அம்மாவை இராணுவ மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்று, அப்பா திரும்பும் வரை உடன் இருந்து, என்னையும் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். அவருடைய கணவரும் அதே விமானத்தில் அதே லேயில்தான் இருந்தார். தன் பயத்தை அம்மாவிடம் அவர் காட்டவே இல்லை. அந்தக் குடியிருப்பில் பயம் எல்லார் வீட்டிலும் இருந்தது. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நோக்கிக் கிளம்பிய ஏஎன்-12 ஒன்று, வானிலை காரணமாகத் திரும்பும் வழியில் காணாமல் போயிருந்தது. அதில் 102 பேர். அப்பா பின்னாளில் பறந்ததும் அதே வகை விமானம், அதே பாதை.

அந்த விமானத்தின் தடயம் 2003இல்தான் இமாச்சலத்தின் லாஹவுல் பனிமலையில் கிடைத்தது. 2024 செப்டம்பர் இறுதியில், இராணுவத்தின் டோக்ரா ஸ்கவுட்ஸ் வீரர்களும் திரங்கா மலை மீட்புக் குழுவினரும் மேலும் நான்கு உடல்களை மீட்டார்கள். அம்மா செய்தித்தாளை வாசித்துக் காட்டியபோது அப்பாவுக்கு எங்களை அடையாளம் தெரியாத நாட்கள். ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டாருக்குத் தகவல் சொல்லியாயிற்றா?" என்று கேட்டார். சொல்லியாயிற்று என்று அம்மா சொன்ன பிறகுதான் சாய்ந்தார். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏஎன்-32, 29 பேரோடு மறைந்தபோதும் நாள் முழுவதும் தொலைக்காட்சி முன்பிருந்து அவர் எழவில்லை. ஏழாண்டுகளுக்கு மேல் கழித்து, சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் அதன் பாகங்களை 3,400 மீட்டர் ஆழத்தில் படம் பிடித்தது. இவர்களில் எவரும் எங்களை அறியமாட்டார்கள். இருந்தும் நன்றி சொல்கிறேன். போனவர்களைத் தேடுவதை நாடு நிறுத்தவில்லை என்பது, ஒவ்வொரு விமானப்படைக் குடும்பமும் உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்ள விரும்பும் செய்தி.

அம்மாவுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். எழுதினால் அடிப்பேன் என்கிறார், எழுதுகிறேன். 1987 முதல் 1990 வரை இலங்கையில் நம் படை இருந்த காலத்தில் அப்பா யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத்தளத்துக்குப் பறந்தார். போகும்போது வீரர்களும் சரக்கும், திரும்பும்போது காயமடைந்தவர்களும் உயிரற்றவர்களும். தமிழர் மண்ணில் நடந்த அந்தச் சண்டையைப் பற்றி ஒரு தமிழ் அதிகாரியான அவர் வீட்டில் எதுவும் பேசியதில்லை. இரவுகளில் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அம்மா ஒன்றும் கேட்காமல் அருகில் போய் உட்கார்ந்துகொள்வார். எங்களையும் கேட்கவிடவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதத்துக்காக அப்பாவை வரிசையில் நிற்கவைக்காமல் பார்த்துக்கொண்ட ஊழியர்களுக்கு நன்றி. ஆயுள் சான்றுக்காக வீட்டுக்கே வந்த தபால்காரருக்கு நன்றி. விரல்ரேகை பதியாதபோது முகம் கொண்டு பதிவுசெய்யலாம் என்று அறிந்து, அதற்காக மறுநாளும் வந்தார். திருவண்ணாமலையிலிருந்து வந்து எங்களோடு தங்கிய வீட்டுச் செவிலிச் சகோதரி, அப்பாவுக்குப் படுக்கைப் புண் வரவிடவில்லை. எத்தனை மாதம் படுக்கையில் இருந்தும் முதுகில் ஒரு கீறல் இல்லை. நல்ல மருத்துவமனைகளிலும் இது அரிது, தாயே.

இறுதி நாளில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வந்து மலர்வளையம் வைத்த இளைஞர்களுக்கு நன்றி. அவர்களில் ஒருவர் அப்பாவின் பழைய பறப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்டு, வெகுநேரம் நின்றபடியே படித்தார். தம்பி, அதை நகலெடுத்து வைத்திருக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சக்கர நாற்காலியும் காற்றுப் படுக்கையும் நல்ல நிலையில் வீட்டில் இருக்கின்றன. தேவைப்படும் குடும்பம் எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் கேட்டு எடுத்துச் செல்லலாம், வாடகை கிடையாது. அம்மா இதே வீட்டில்தான் இருக்கப்போகிறார். மாலை ஐந்து மணிக்கு மேல் ஓய்வாக இருப்பார். காபி குடிக்க வாருங்கள், அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மகளும் குடும்பத்தாரும்
சிங்காநல்லூர், கோவை