கையில் இருந்தால் அனுமதி, பெட்டியில் இருந்தால் பறிமுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசுக் கப்பல் பயணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி அடுத்த இதழில் வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். 'பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் எடுத்துச் செல்லலாம்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த வரி பொய்யில்லை, பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பிப் போய் மாட்டிக்கொண்டவள் நான்.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்குக் கப்பலில் போனோம். மகள் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் வாங்கிக் கொடுத்து, "அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் குடிக்கணும், போட்டோ அனுப்பணும்" என்று சொல்லி அனுப்பினாள். விதியைப் பார்க்காமல் போகவில்லை. 750 மி.லி. பாட்டில் ஒன்று, சீல் பிரிக்காதது, சரி என்று கம்பெனியின் இணையதளத்திலேயே படித்தோம். துறைமுகம் இருந்த ஊருக்கு விமானத்தில் போக வேண்டியிருந்தது. பல விமான நிலையங்களில் 100 மி.லி.க்கு மேல் திரவத்தைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஸ்வெட்டரில் சுற்றிப் பெரிய சூட்கேஸின் நடுவில் பத்திரமாக வைத்தேன். துறைமுக வாசலிலேயே சுமை தூக்குபவர்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறினோம்.

சாயங்காலம் எல்லா கேபின் வாசலிலும் பெட்டிகள் வந்துவிட்டன, எங்களுடையது மட்டும் வரவில்லை. கதவில் ஒரு சீட்டு, கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லி. போனால் ஒரு வரிசை. இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தவர், மின்சாரக் கெட்டில் கொண்டுவந்தவர், மெழுகுவர்த்தி கொண்டுவந்தவர், அவர்களோடு நாங்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட நாள்தான் நினைவுக்கு வந்தது. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இதே பாட்டில் உங்கள் கைப்பையில் இருந்திருந்தால் நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன், அம்மா. பெட்டியில் வரக் கூடாது" என்றார். பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்.

இதுதான் கட்டுரையாளர் விட்டுவிட்ட மறுபாதி. பெரும்பாலான கம்பெனிகளில் ஒயின் முதல் நாள் ஏறும்போது, கையில், கண்ணுக்குத் தெரியும்படி வர வேண்டும். ஆளுக்கு எத்தனை பாட்டில், கொண்டுவருபவருக்கு மது அருந்தும் வயது ஆகிவிட்டதா என்பதை ஸ்கேனர் பக்கத்திலேயே பார்த்துவிடலாம் என்பது காரணமாக இருக்கலாம். காரணம் நியாயமானதுதான். ஆனால் விமானத்தின் விதியும் கப்பலின் விதியும் நேர் எதிரெதிர் என்பதை விமானத்தில் வந்து கப்பல் ஏறுபவரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

திருமண நாள் அன்று கப்பல் ஒயினை வாங்கிக் குடித்தோம். விலைப்பட்டியலில் இருந்த தொகைக்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்தார்கள். எங்கள் பாட்டில் கடைசி இரவுதான் திரும்பி வந்தது. அதற்குள் பெட்டிகளைக் கட்டி வராந்தாவில் வைத்தாயிற்று. மறுநாள் விமானம். 750 மி.லி. என்றால் ஐந்து கோப்பை. ஆளுக்கு ஒன்று குடித்தோம், மீதி மூன்றைக் குளியலறைத் தொட்டியில் ஊற்றினேன். கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, துறைமுகத்தில் பெட்டி கிடைத்ததும் அதற்குள் வைத்திருக்கலாமே என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த முட்டாள்தனத்துக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 40 சதவீத விஸ்கி, வோட்கா பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், அதே அளவு ஒயின் பாட்டில் மூன்றில் இருப்பதற்குச் சமம். நடுக்கடலில் ஒருவர் கேபினில் தனியாக அதைக் குடித்துவிட்டு பால்கனிக்கு வந்தால் என்ன ஆகும் என்று கம்பெனி கவலைப்படுவது புரிகிறது. ஆனால் பாதுகாப்பு மட்டும்தான் காரணம் என்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அதே கப்பல்களில் ஒரு நாளைக்கு 15 கோப்பை வரை குடிக்கலாம் என்று 'பேக்கேஜ்' விற்கிறார்கள். ஒரு கேபினில் ஒருவர் வாங்கினால் அங்கிருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்று சில கம்பெனிகள் வற்புறுத்துகின்றன. பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட் விலைக்கு வெளியே பயணிகள் செய்யும் செலவிலிருந்து வருகிறது. பார் அதில் முக்கியமானது. வியாபாரம் என்றால் வியாபாரம் என்றே சொல்லலாமே, யார் கோபிக்கப்போகிறார்கள்?

நாமே கொண்டுபோகும் பாட்டிலைத் திறந்து பரிமாற வாங்கும் 'கார்க்கேஜ்' கட்டணத்தை, சென்ற இதழில் ஒரு வாசகர் பகல்கொள்ளை என்று திட்டியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பாட்டிலைச் சாப்பாட்டுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் ஒருவர் திறக்கிறார், கோப்பை வைக்கிறார், ஊற்றுகிறார், பிறகு கழுவுகிறார். கேபினிலேயே குடித்தால் பல கம்பெனிகள் அதைக் கேட்பதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடும் உண்டு. வைக்கிங் கப்பல்களில் நம் ஒயினுக்குக் கட்டணமே கிடையாது. நார்வீஜியன் கம்பெனியில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் கட்டணம் கட்ட வேண்டும். என் யோசனை: மலிவான ஒயினைச் சுமந்துபோய் அதன் விலையைவிட அதிகமாகக் கார்க்கேஜ் கட்டாதீர்கள். மனசுக்கு நெருக்கமான பாட்டில் என்றால் மட்டும் கொண்டுபோங்கள்.

இன்னொரு கடிதம்தான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டியது. வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைக் காலி செய்து, வோட்காவில் சாயம் கலந்து ஊற்றிக் கொண்டுபோகலாம் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார் ஒரு நண்பர். ஸ்கேனர் முன்னால் நிற்பவர்கள் இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இப்படிப்பட்ட கெட்டிக்காரத்தனத்துக்கு விலை கொடுப்பது மற்றவர்கள். 2015-இல் கார்னிவல் என்ற கப்பல் நிறுவனம், பயணிகள் பாட்டில் தண்ணீரும் பாட்டில் குளிர்பானமும் கொண்டுவருவதை நிறுத்தியது. அந்தப் பாட்டில்களில் மதுவை நிரப்பிக் கடத்தியது அதற்கான காரணங்களில் ஒன்று. ஒரு சொட்டு மது தொடாத குடும்பத்துக்குக்கூடத் தண்ணீர் பாட்டில் போயிற்று.

கப்பல் கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் எழுதிவைத்தால் போதாது. பெட்டியில் ஒட்டுவதற்கு ஒரு அட்டை தருகிறீர்களே, அதிலேயே 'ஒயின் இருந்தால் இப்போதே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அச்சிடுங்கள். அதுவரை, விமானத்தில் வருபவர்கள் இறங்கிய ஊரில் பாட்டிலை வாங்குங்கள், அல்லது துறைமுக வாசலில் வெட்கப்படாமல் பெட்டியைத் திறந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒயின் எப்படி இருந்தது என்று மகள் கேட்டாள். பிரமாதம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். மூன்று கோப்பை எங்கே போயிற்று என்பது இந்தக் கடிதம் அச்சானால்தான் அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி