இங்கே என்னை உங்கள் பெயரால் அழைக்கிறார்கள்

லேர், ஜெர்மனி
1 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் பெரியப்பாவும் நலமா? கார்த்திகையில் வந்த உங்கள் கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன், மன்னியுங்கள். தினமும் அம்மாவிடம் போனில் பேசிவிடுவதால் உங்களுக்கும் பேசிவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன். அது தவறு.

பேரனின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை தெரியாமல்தான் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். விடை எதிர்வீட்டு யான்சன் பாட்டியிடம் கிடைத்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு அவர் வீட்டில் எனக்குத் தேநீர். கோப்பையில் பெரிய கற்கண்டைப் போட்டுக் கொதிக்கும் தேநீரை ஊற்றுவார். கற்கண்டு வெடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு ஓரமாக ஒரு கரண்டி பாலாடை. கலக்கவே கூடாது. முதலில் பாலாடை, நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு. இந்த ஊர் வழக்கப்படி விருந்தாளிக்கு மூன்று கோப்பை உண்டு. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும். அது தெரியாமல் முதல் நாள் ஆறு கோப்பை குடித்தேன். இந்தக் குளிரில் பச்சை இலைக் கோஸை மணிக்கணக்கில் வேகவைத்துத் தொத்திறைச்சியோடு சாப்பிடுகிறார்கள். எனக்கென்று இறைச்சி சேர்க்காமல் தனியாக எடுத்து வைக்கிறார். மசித்த கீரை மாதிரி இருக்கும், உப்புத்தான் குறைவு.

போன வாரம் அவர் கணவர் வீட்டுப் பழைய பைபிளைக் காட்டினார். முன் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிறப்புகளைக் குறித்திருக்கிறார்கள். யான் ஹின்ரிக்ஸ், அவர் மகன் ஹின்ரிக் யான்சன், அவர் மகன் மறுபடியும் யான் ஹின்ரிக்ஸ். ஹின்ரிக்ஸ் என்றால் ஹின்ரிக்கின் பிள்ளை, யான்சன் என்றால் யானின் பிள்ளை. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், பின்னால் அப்பா பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அப்பா. தாத்தா பெயரைத்தானே எனக்கு வைத்தீர்கள்? மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா இன்றுவரை என்னைத் துரை என்றுதானே கூப்பிடுகிறாள்? பெயரன்தான் பேரன் ஆனான் என்று நீங்கள் சொல்வீர்களே, அதைப் பாட்டிக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெர்மனியின் பெரும்பாலான பகுதிகளில் குடும்பப் பெயர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலைத்துவிட்டன. ம்யூலர் என்றால் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர். இந்தக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்திலோ மகனுக்கு அப்பா பெயர் என்று தலைமுறைதோறும் மாறிக்கொண்டே வந்தது. நெப்போலியன் ஆட்சி இந்தப் பகுதியைப் பிரான்சோடு சேர்த்துக்கொண்டு, 1811 ஆகஸ்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரே பெயரில் நிற்க வேண்டுமென்று ஆணையிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் வரி வாங்கவும் அரசுக்கு மாறாத பெயர் தேவையல்லவா? 1813இல் பிரெஞ்சுக்காரர்கள் போனதும் பலர் பழைய வழக்கத்துக்கே திரும்பினார்களாம். ஆனால் ஆணை வந்தபோது இந்த வீட்டுத் தலைவர் ஒரு யானின் மகன். அதனால் யான்சன் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. 2025 மே மாதத்திலிருந்து ஃப்ரீசியர்கள் விரும்பினால் பிள்ளைக்கு அப்பாவின் அல்லது அம்மாவின் பெயரையே பின்பெயராக வைக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. பாட்டி அந்தச் செய்தித்தாள் துண்டைப் பைபிளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

என் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டது நினைவிருக்கிறதா? அதனால் இங்கே யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. வேலையிடத்தில், மருந்துக்கடையில், தபால்காரர் மணி அடிக்கும்போது, எல்லோருக்கும் நான் நீங்கள்தான். வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்லவே தயங்கும் பெயர். சில நாள் இரவுப் பணி முடிந்து வரும்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். அதன் பிறகு வீடு வரைக்கும் நடப்பது கஷ்டமாக இருக்கிறது.

அது போகட்டும். அறை நன்றாக இருக்கிறது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டர் தேவைப்படுவதில்லை. வருடக் கணக்கு ஒன்று கட்ட வேண்டியிருந்ததால் இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். போர்வெல் மோட்டாரை அதுவரை மணி மாமாவிடம் கடன் சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள். நான் அவரிடம் பேசிவிட்டேன். பெரியப்பா பங்குக்குக் கையெழுத்துப் போடும் முன் பட்டா நகலை எனக்கு அனுப்புங்கள், அவசரப்பட வேண்டாம். ராஜிக்கு ஏழாம் மாதம், மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

பேரனுக்கு உங்கள் பெயரையே எழுதிவிடுங்கள். வழக்கப்படி அவனுக்குப் பின்னால் என் பெயர்தான் வர வேண்டும், தெரியும். பெரியப்பா கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவனும் இங்கே வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் அவனை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். எழுத்து மட்டும் என் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் இங்கே நாங்கள் இரண்டு குடும்பமாகிவிடுவோம். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகன்,
துரை