பழைய அலுமினிய வியாபாரிகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் பெயர்ப் பட்டியலை அவர் வாசிக்க வேண்டியிருக்காது. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. டீ வந்த பிறகே கூட்டம் சேர்ந்தது என்பதையும் குறிப்பில் ஏற்றுகிறேன்.

இந்த ஆண்டில் உருப்படியாக நடந்தது என்றால், மேட்டூர் அலுமினிய ஆலையில் உலோகம் உருக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்துப் பேச வைத்ததுதான். கிலோ என்ன விலை என்று கேட்பதோடு சரி, சரக்கு எங்கே பிறந்தது என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் என்ற அலுமினியத் தாது அந்த ஆலைக்குத்தான் போனது. அதை அரைத்துக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, கரைந்து வரும், மிச்சம் சிவப்புச் சேறாக நிற்கும். சுமார் 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா, அதிலிருந்து 1 டன் அலுமினியம்.

அலுமினா தானாக உருக 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் கிரையோலைட் என்ற உப்பை உருக்கி, அதில் 960 டிகிரி வாக்கில் அதைக் கரைத்துக் கரண்ட் பாய்ச்சுகிறார்கள். உலோகம் தொட்டியின் அடியில் தேங்கும், மேலே கார்பன் கட்டைகள் எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கொட்டகையில் காந்த இழுப்பு அதிகம், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனால் நின்றுவிடும் என்றார். ஒரு டன்னுக்கு ஆகும் கரண்ட் 13,000 முதல் 15,000 யூனிட். மேட்டூரில் உருக்குவது 2008-இல் நின்றுவிட்டது.

ஆனால் நம் கடைக்கு வரும் நசுங்கிய குண்டான் 660 டிகிரியில் உருகிவிடும். புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் 5 சதவீதம் போல இருந்தால் போதும். இவ்வளவு கரண்ட் குடித்த சரக்கைத் தரம் பிரிக்காமல் ஒரே மூட்டையில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்காகவே தரம் பிரிக்கும் பயிற்சி வைத்தோம். மேசையில் ஒரு பழைய குக்கரைப் போட்டோம். கேஸ்கெட், கைப்பிடி, பித்தளை வெயிட் எல்லாம் கழன்றன. கைப்பிடியைப் பிடித்திருந்த திருகு மட்டும் காந்தத்தில் போய் ஒட்டியது. அந்த இரும்பு உலையில் கரைந்துவிட்டால் அப்புறம் பிரித்தெடுக்க வழியில்லை. பாத்திரம், ஜன்னல் செக்‌ஷன், இன்ஜின் காஸ்டிங் (அச்சில் வார்த்த பாகம்) மூன்றையும் சேர்த்து உருக்கினால் வருவது மறுபடி காஸ்டிங்குக்குத்தான் ஆகும். பாத்திர விலை கிடைக்காது.

உலை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கவனிக்க: ஈரச் சரக்கையும் மூடிய டப்பாவையும் உருகிய உலோகத்தில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும். மழைக்காலத்தில் சரக்கைக் கூரைக்கு அடியில் வைக்கச் சொல்லி எத்தனை முறை சொல்வது?

ஜிஎஸ்டி விஷயம். பதிவு இல்லாதவரிடம் பழைய உலோகம் வாங்கினால், பதிவு பெற்ற நாமே வரி கட்ட வேண்டும் என்பது 2024 அக்டோபரில் வந்த விதி. தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

வரும் ஆண்டில் காஸ்டிங் வகைகளுக்குத் தனிப் பயிற்சி நடத்த உத்தேசம். தரம் பிரிக்கக் காந்தம் வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்கள் பொருளாளரிடம் பணம் கட்டி வாங்கிக்கொள்ளவும்.

நன்றி.
செயலாளர்