ஆமியைக் கேட்க முதல்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன கிழமை எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் போதைப்பொருள் பற்றிக் கூட்டம் வைத்தோம். கசிப்பில் தொடங்கிய பேச்சு கேரளக் கஞ்சா, ஐஸ் என்று போனது. என்னிடம் கணக்குப் படித்த பெடியன் ஒருவனின் தாய் எழும்பி, "ஆமியை ஊருக்குள்ள விட்டெண்டாலும் இதை நிப்பாட்டுங்கோ" என்றார். போர் முடிந்த 2009 மே மாதத்தில், சனம் ஆமியிடம் சரணடைந்த வட்டுவாகலில் மூத்த மகனைக் கடைசியாகக் கண்டவர் அவர். அவர் வாயாலேயே இப்படி ஒரு சொல் வந்ததென்றால், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அவருடைய வேதனையைக் கொழும்புக்குக் கொண்டு போங்கள். அந்தக் கோரிக்கையை மட்டும் கொண்டு போகாதீர்கள்.

மெக்சிக்கோவில் போதைக் கும்பல்களை அடக்கவென்று 2006 டிசெம்பரில் ஜனாதிபதி பெலிப்பே கல்டெரோன் 6,000 இற்கும் மேற்பட்ட படையினரையும் பொலிசாரையும் தன் சொந்த மாநிலமான மிச்சோவாக்கானுக்கு அனுப்பினார். அங்கேயும் சனத்தின் ஆதரவு இருந்தது. தலைவர்களைப் பிடிக்கப் பிடிக்க, கும்பல்கள் உடைந்து பலவாகி ஒன்றையொன்று வெட்டின. செற்றாஸ் என்ற கொடிய கும்பலைத் தொடக்கியவர்களே இராணுவத்தின் விசேட படையிலிருந்து ஓடியவர்கள்தான். அந்தப் போரை நடத்திய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கார்சியா லூனா, சினலோவா என்ற போதைக் கும்பலிடம் காசு வாங்கியதற்காக 2023 இல் நியூயோர்க்கில் குற்றவாளியாகக் காணப்பட்டார். இன்று அந்நாட்டின் பதிவேட்டில் காணாமற்போனோர் ஒரு இலட்சத்துக்கும் மேல். தாய்மார் இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கி, இழுத்தெடுத்து, நுனியை முகர்ந்து பார்த்துப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். இதை வாசித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. எங்கள் மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் 2023 யூனில் மனித எலும்புகள் வெளிவந்தபோது, அந்தக் கிடங்கின் ஓரத்தில் நின்ற எங்கள் தாய்மாரின் முகங்கள்தான் முன்னுக்கு வந்தன.

சரி, மெக்சிக்கோ தூரம். எங்கள் ஊரைப் பாருங்கள். ஆமியும் நேவியும் இல்லாத இடமா இது? முகாமும் சோதனைச் சாவடியும் இருக்கத்தக்கதாகவே கரையில் கஞ்சா இறங்குகிறது, பள்ளிக்கூட வாசல்வரை ஐஸ் வருகிறது. துவக்குக் குறைந்ததால் வந்த வினை இல்லை இது. 2023 டிசெம்பரில் பொலிசார் போதைப்பொருளுக்கு எதிராக 'யுக்திய' என்று, சிங்களத்தில் நீதி என்ற பெயரிலேயே ஒரு நடவடிக்கை தொடங்கினார்கள். சில கிழமைகளுக்குள் இருபதாயிரத்துக்கு மேல் கைதுகள். அதை நிறுத்தும்படி அடுத்த மாதமே ஐ.நா. நிபுணர்கள் கேட்டார்கள். ஐஸ் இன்னும் எங்கள் ஊரில் கிடைக்கிறது.

பிடிபட்டவர்களைப் 'புனர்வாழ்வு'க்கு அனுப்பலாம் என்பார்கள். போருக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளை அடைத்து வைத்த முகாம்களுக்கு இருந்த அந்தச் சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 யூனில் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததற்கு, இராணுவத்தினர் இருவரும் விமானப்படையினர் இருவரும் கைதானார்கள். ஐஸ் அடிக்கிற பிள்ளை நோயாளி. அவனுக்கு வைத்தியர் வேண்டும், சீருடை வேண்டாம். மாவட்ட ஆஸ்பத்திரியில் அவனைத் தாயோடு தங்க வைத்துப் பார்க்க ஒரு விடுதி கேளுங்கள், தமிழ் பேசுகிற மனநல வைத்தியரோடு. கரையில் பிடிபடுகிற மூட்டைகளின் வழக்கு எங்கே நிற்கிறது, கூலிக்கு வள்ளம் ஓட்டியவனுக்கு மேலே யாராவது கைதானார்களா என்று பாராளுமன்றத்தில் கேளுங்கள். பொலிசில் எங்கள் முறைப்பாட்டைக் கொடுத்த அன்று பின்னேரமே கொடுத்தவரின் பெயர் போதை வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. அது எப்படி என்றும் கேளுங்கள்.

கூட்டம் முடிந்து மண்டபத்தைப் பூட்டும்போது அந்தத் தாய் பக்கத்தில் வந்து நின்றார். "சேர், இவனை நான் எங்க கொண்டுபோறது?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல ஓரிடம் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள், நான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்